கை மாறி வந்த ஆறு

ரீபா மேமின் வேலை அந்த ஒரு வகுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் அவர் கௌரவ விரிவுரையாளர். அடுத்த வருடமும் எடுப்பார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது அவருடைய மாதிரி வகுப்பைப் பார்க்க வருகிற குழுவின் கையில். தலைப்பு, ஆறு கொண்டுவரும் மண். ஸ்லைடுகளை இணையத்தில் போட்டு, இரண்டாம் ஆண்டு புவியியல் மாணவர்கள் எல்லோருக்கும் அதைத் திருத்தும் உரிமையைக் கொடுத்திருந்தார். புத்தகத்தில் இருப்பது எங்கேயோ ஓடுகிற ஆறு, நம் தாமிரபரணியை நீங்களே கொண்டுவந்து வையுங்கள் என்றார். அவரவர் ஊர்ப் படுகையில் கிடப்பதைப் படமெடுக்க வேண்டும். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருக்க வேண்டும்.

நாணயத்துக்குத்தான் பஞ்சம் வந்தது. "ஏலே, சில்லறை எவன்லே வச்சிருக்கான்? டீக்கே போன்லதான குடுக்கோம்" என்று விக்கிரமசிங்கபுரத்து மாரிக்கண்ணு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு அனுப்பினான். பிறகு கல்லை உள்ளங்கையில் வைத்து எடுத்துப் போட்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

படங்களை ஒழுங்குபடுத்தும் வேலையைச் செந்தில்முருகன் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கடைசி பெஞ்சுக்கும் தெரியட்டுமே என்று, வந்த படத்தையெல்லாம் திரை முழுக்கப் பெரிதாக்கிக்கொண்டே போனான். படத்துக்கு அடியில் என்ன மறைகிறது என்று பார்க்கவில்லை.

வகுப்பு தொடங்கியபோதுதான் தெரிந்தது. பின்வரிசையில் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் அதன் தலைவர் எலியேசர், பேனாவைத் திறந்து தயாராக இருந்தார். முதல் ஸ்லைடு விரிந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. மேம் எழுதி வைத்த விளக்கம், அட்டவணை, வரைபடம் எல்லாம் அடியில் போயிருந்தன. திரையில் இரண்டு கைகள், அவற்றில் ஒரு பெரிய கல். அவ்வளவுதான்.

செந்தில்முருகன் எழுந்து ஓடாத குறையாக முன்னால் போனான்.

"மேம், நான்தான் இழுத்து விட்டேன். பழசு உள்ளதான் இருக்கு, இப்பமே திருப்பிருதேன்."

ரீபா கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்தார். "இருக்கட்டும்ப்பா. போய் உக்காரு" என்றார்.

பாபநாசம் என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார். அடுத்தது விக்கிரமசிங்கபுரம்: மாரிக்கண்ணுவின் ஒற்றைக் கை நிறைய ஒரு கல், முனை மழுங்கியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் கோழிமுட்டை அளவுக்கு வந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் நெல்லிக்காய் அளவுக் கூழாங்கற்கள். குறுக்குத்துறையில் விரலிடுக்கில் வழிகிற பருமணல். வண்ணார்பேட்டையில் மருதாணிக் கையொன்றில் பொடிமணல். ஸ்ரீவைகுண்டத்தில் கைரேகைக்குள் புகுந்து ஒட்டிக்கொண்ட ஈரச்சேறு.

செந்தில்முருகன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். இத்தனை படத்தையும் தொட்டு இழுத்தவன் அவன்தான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்ததில்லை. யார் யாரோ எடுத்த படங்கள், ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல் எடுத்தவை. இப்போது பார்த்தால், மலையில் ஒருவர் எடுத்துக் கொடுத்த ஒரே கல் கை மாறிக் கை மாறித் தேய்ந்துகொண்டே வருவதுபோல் இருந்தது. அவனுக்குப் புல்லரித்தது.

கடைசி ஸ்லைடு காலி. அது ஏரலிலிருந்து வருகிற கமர் நிஷாவின் பொறுப்பு. அன்று காலைதான் கொற்கைக்குப் போயிருந்தாள். படம் இன்னும் வரவில்லை என்று மேம் குழுவிடம் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளைத் திரையில், யார் திருத்துகிறார்கள் என்று காட்டும் இடத்தில், பச்சை நிறத்தில் கமர் நிஷாவின் பெயர் வந்து நின்றது. அதன் அருகே படம் விரிந்தது. உள்ளங்கையில் கரிய களிமண், அதில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைச் சிப்பி. கைக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வாழைத்தோட்டம். கடலைக் காணோம்.

"இங்கதான் ஒரு காலத்துல கப்பல் வந்து நின்னுச்சு" என்றார் ரீபா. "இப்பம் பாத்தோமே, அந்தக் கல்லெல்லாம்தான் மண்ணா வந்து கடல அங்கிட்டுத் தள்ளிருக்கு."

எலியேசர் பேனாவை மூடிவிட்டு, கடைசி ஸ்லைடிலிருந்து பின்னோக்கி ஒருதடவை ஓட்டச் சொன்னார். களிமண் மணலாயிற்று, மணல் கல்லாயிற்று, கல் வளர்ந்து இரண்டு கைகளை நிறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சேரன்மாதேவிய எங்கனம்மா விட்டீங்க? எங்க ஊருல்லா அது."

அந்த ஊரிலிருந்து வகுப்பில் யாரும் இல்லை என்று மேம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சரி, அடுத்த வருஷமும் இத நீங்கதான எடுக்கப் போறீங்க. அப்பம் சேத்துருங்க."

அவர் சொன்னது மேமுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் திரையில் கல்லிடைக்குறிச்சிக்கும் குறுக்குத்துறைக்கும் நடுவே ஒரு காலி ஸ்லைடு முளைத்திருந்தது. அதில் வண்ண வண்ணமாக மாணவர்களின் பெயர்கள் வந்து குவிந்தன. சேரன்மாதேவி என்று ஒருவர் அடித்து முடிப்பதற்குள், அதன் கீழே இன்னொருவர், நாளைக்கே பஸ் ஏறுதேன் என்று எழுதிக்கொண்டிருந்தார்.