பிளாஸ்க்கின் கழுத்தோரம்

ஒரே ஒரு கொம்புக் குவளை குடித்துவிட்டு லிஸ், "நன்றிக்கா" என்று நீட்டினாள். நிமியாவுக்குச் சுருக்கென்றது.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய மூலிகை இலையை ஒரே குவளையில், ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சும் தெரெரே சுற்றில் நன்றி என்பது மரியாதைச் சொல் இல்லை. போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். அசுன்சியோன் நகரத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது, காலையிலிருந்து தையல் கூடத்தில் வெந்திருக்கிறாள், இவளுக்கு ஒரு குவளை போதுமாம்!

"என்னடி, விரதமா?"

"வயிறு சரியில்லக்கா." லிஸ் தரையைப் பார்த்தாள்.

அடுத்த குவளையோடு பக்கத்து மெஷின் சுனில்டாவும் நன்றி சொன்னாள். "நாளைக்கு என் பிளாஸ்க்க எடுத்துட்டு வரேன் நிமியா. தினமும் நீயே ஐஸ் சுமக்குற, பாவம்."

பாவமாம். நிமியா தனக்கு ஊற்றி உறிஞ்சினாள். புதினாவையும் மீறிப் பழைய ஆணியை நக்கியதுபோல் இருந்தது. பிளாஸ்க்கில் துரு ஏறியது அவளுக்கும் தெரியாததா? தெரியாததுபோல் ஒரு வாரமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. புருஷன் எவெலியோ கட்டட வேலைக்கென்று புவெனஸ் ஐரெஸ் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். இந்த இடைவேளையில் ஊற்றிக் கொடுக்கும் கை தன்னுடையது என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். நாளைக்கு அதுவும் போய்விடும்.

வீட்டுக்கு வந்தபோது கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றபடியே பிளாஸ்க்கில் வினிகரும் வெந்நீரும் ஊற்றி ஊறவைத்தாள். போன வாரம் பளிச்சென்று ஆகட்டும் என்று கம்பி நாரும் பிளீச்சிங் தண்ணீரும் போட்டுத் தேய்த்ததில், துரு இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருந்தது. எவர்சில்வருக்குத் துரு வராது என்று எந்த மகராசன் சொன்னானோ! இந்த முறை ஆப்பசோடாவும் மெல்லிய பிரஷ்ஷும்தான். உள்ளே சுத்தமானது. வாய் விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் செம்மண் நிறமானது.

துரு தோல் உறைக்குள்ளிருந்து வந்தது. ஊரில் எல்லோரையும்போல அவளும் பிளாஸ்க்குக்குத் தோல் சட்டை போட்டிருந்தாள்; நிமியா, எவெலியோ என்று இரண்டு பெயரும் அழுத்திப் பதித்தது. அதற்கு வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைத்தாளே தவிர, கழுத்தோரம் இறங்கிய ஐஸ் தண்ணீர் காய வழியில்லை என்பதை யோசிக்கவே இல்லை.

தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். கழுத்தை மட்டும் பிரிக்கலாம் என்று தொடங்கினாள்; அடிவரை ஈர நாற்றம். முழுதாக உரித்துப் போட்டாள். அழுகை வந்தது. அவனை நினைத்து இல்லை, இத்தனை அசதியில் இந்த வேலை வேறா என்று. விளிம்பை வினிகர்த் துணியால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாயைத் திறந்தபடி ஜன்னலில் வைத்தாள்.

மறுநாள் சுனில்டா சொன்னபடியே தன் பிளாஸ்க்கோடு வந்திருந்தாள். நிமியா தன்னுடையதைப் பெஞ்சில் வைத்தாள்.

"ஐயோ, அம்மணமா நிக்குதேக்கா!" என்றாள் லிஸ்.

"நிக்கட்டும். காத்து படட்டும்."

சுனில்டா அந்த வெறும் எவர்சில்வரைப் பார்த்தாள், நிமியாவைப் பார்த்தாள். தன் பிளாஸ்க்கைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினாள்.

ஊற்றுகிறவள்தான் முதலில் குடிக்க வேண்டும். நிமியா குடித்தாள். புதினா மட்டும்தான். அடுத்ததை சுனில்டாவிடம் கொடுத்தாள். அவள் குழலில் சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட்டுக் குவளையை நீட்டினாள். நிமியா அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"என்ன பாக்குற? அவளுக்கு ஊத்து. எனக்குத் திரும்ப வரணும்ல."

மணி அடிக்கும்வரை யாரும் நன்றி சொல்லவில்லை.