கீழ் போல்ட்

நான்காவது நட்டு இளகவில்லை. வீல் ஸ்பேனரின் மேல் ஒரு காலை வைத்து மிதித்தான் மெக்கானிக். கடக்கென்று விட்டது. வீட்டுக்குள் அழுகை சற்று ஓய்ந்து, நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பதினோரு மணிக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

மாப்பிள்ளை அவன் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். நேற்றுக் காலை கடை திறக்கப் போகும்போது, சரிவில் இறங்கிய கார் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. பெரிய இடி இல்லை. பம்பர் நசுங்கி ஒரு விளக்கு உடைந்ததோடு சரி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. எதனால் என்று இன்னும் சொல்லவில்லை. காரை மாலையில் இழுத்து வந்து வீட்டின் பக்கவாட்டில் விட்டுப் போனார்கள்.

"பிரேக் புடிக்கல போல" என்று பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னார். விடிந்ததும் அவன் ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

போன சனிக்கிழமைதான் மாப்பிள்ளை காரை அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார்.

"மச்சான், பிரேக்கத் தொட்டாப் போதும், ஸ்டியரிங்குக்குக் குளிர் ஜுரம் வந்துடுது."

"வயசானா கை நடுங்கத்தான் செய்யும் மாப்ள. வண்டி மேல பழி போடாதீங்க."

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறியது, இருக்கையில் அதிர்வில்லை. அப்படியானால் கோளாறு முன்சக்கரத்தில். கழற்றி அளந்தபோது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் இடது பக்கம் கோணியிருந்தது. பேட்களை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் நகர்வதற்கான ஊசி துருப்பிடித்து இறுகியதால், பேட் எந்நேரமும் உரசி, சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது. ஊசியைத் தேய்த்துக் கிரீஸ் வைத்தான். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட் போட்டான். வலது பக்கம் முடிந்தது. இடது கேலிப்பரின் மேல் போல்ட்டை முறுக்கியபோது போன் அடித்தது. நடுரோட்டில் வண்டி நின்றுபோன ஒருவர் கத்தினார். பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

வந்து கீழ் போல்ட்டை முறுக்கினானா?

சக்கரத்தை மாட்டியது ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளையோடு டீ குடித்தது, அவர் பாதி பிஸ்கட்டைக் கப்பிலேயே தவறவிட்டது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தப் போல்ட் மட்டும் இல்லை.

இப்போது சக்கரத்தை இழுத்துக் கீழே சாய்த்தான். கையை உள்ளே விடத் தயங்கினான். மேல் போல்ட் கல் மாதிரி இருந்தது. கீழ் போல்ட்டில் விரலை வைத்தான். திரும்பியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கு, அரைச் சுற்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போல்ட் கழன்று விழவில்லை, கேலிப்பர் இடம் மாறவில்லை, பிரேக் பிடித்திருக்கும் என்றது தொழில் தெரிந்த புத்தி. உடம்பு அதைக் கேட்கவில்லை. இன்னொரு முறை விரலால் திருப்பிப் பார்த்தான்.

வாசல் கேட் கிரீச்சிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன், கையில் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு வந்தார்.

"இங்க என்ன தம்பி பண்றீங்க?"

"சும்மா... பாத்தேன்."

"பாக்க ஒண்ணுமில்ல. ஹார்ட்டாம். முட்டுறதுக்கு முன்னாடியே போயிட்டானாம். பின்னாடி வந்தவரும் சொல்றாரு, பிரேக் லைட்டே எரியலையாம். பிரேக்ல கால வைக்கவே இல்ல." காகிதத்தை மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்ததை இன்னொரு முறை மடித்தார். "வலிச்சிருக்காதுன்னு சொன்னாரு டாக்டர்." உள்ளே போனார்.

பிரேக்கை மிதித்தாலே அந்த விளக்கு எரியும். கேலிப்பர் எந்தக் கதியில் இருந்தாலும் எரியும். எரியவில்லை என்றால் மிதிக்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தான். நினைத்ததும், தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

ஸ்பேனரை எடுத்துக் கீழ் போல்ட்டை இறுக முறுக்கினான். இனி யாருக்கும் தெரியாது.

"அண்ணா."

தங்கை எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"வண்டி சரியாத்தானே இருந்துச்சு?"

"ஹார்ட்டுன்னு சொன்னாங்கல்லம்மா."

"அது காதுல விழுந்துச்சு. நான் வண்டியக் கேக்குறேன்."

தலையை ஆட்டினால் போதும். ஆட்ட முடியவில்லை.

"இந்தப் போல்ட்டு லூசா இருந்துச்சு. நான்தான் முறுக்க மறந்துட்டேன். இப்பதான் முறுக்குனேன். அவர் போனது இதனால இல்ல. ஆனா லூசாத்தான் இருந்துச்சு."

அவள் அந்தப் போல்ட்டையே பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் பாப்பாவும் அவரோட இதுலதான் மலைக்குப் போயிட்டு வந்தோம்," என்றாள். "எறங்குறப்போ ஒவ்வொரு வளைவுலயும், 'பாத்தியா, உங்கண்ணன் கை பட்டதும் வண்டி சொன்ன பேச்சு கேக்குது'ன்னு சொல்லிட்டே வந்தாரு."

அவனால் நிமிர முடியவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான்.

"சக்கரத்த மாட்டு."

தூக்கி மாட்டினான். நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். அவள் குனிந்து நின்று பார்த்தாள்.

"இது?"

"முறுக்கிட்டேன்."

"இது?"

"முறுக்கிட்டேன்மா."

ஐந்தையும் கேட்டாள். ஐந்துக்கும் சொன்னான். ஜாக்கியை இறக்கியதும் கார் தரையில் அமர்ந்தது. தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பும் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் போகவில்லை. காரைச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"சீட்ட முன்னாடி இழுக்கட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம். அவர் வச்ச மாதிரியே இருக்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பிரேக்குக்கும் அவள் கட்டை விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.