பதில் சொல்ல வேண்டியவள்

1

இந்தக் கதையில் பாதி நான் காதால் கேட்டது. மீதிப் பாதி, அதாவது முக்கியமான பாதி, என் கற்பனை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

கண்ணாடி மாற்றப் போன மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணின் குரல்.

"உங்களுக்கு என்ன, புரையா?"

"இல்லங்க. கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான்."

"புண்ணியம் பண்ணவங்க. என் பொண்ணு உள்ள இருக்கா. ஏதோ கேள்வி கேக்கறாங்களாம். நம்மள விட மாட்டாங்க. பெத்தவ வாயத் தொறந்துடுவாளாம்."

எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளிருந்து கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. "உன் கண்ணால விளையாட கஷ்டமா இருக்கா? இல்லவே இல்ல, கொஞ்சம், ரொம்ப. இதுல எது?" குழந்தையின் பதில் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அத்தனை மெல்லிய குரல். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அம்மா என் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்: "அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் விளையாடுவா."

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

'அந்தச் சிறுமியின் உலகை இருள் சூழ்ந்த'... வேண்டாம். இருள் என்று அவள் சொன்னாளா?

'ஒன்பது வயதுக்குள் ஒரு கண்ணை இழந்துவிட்ட'... இழப்பு என்பது நம்முடைய சொல். நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு கண்தான்.

'கேள்விக்காரிக்கு அன்று தலைவலி.' இது இருக்கட்டும்.

கேள்விக்காரிக்கு அன்று தலைவலி. கண் நோயுள்ள குழந்தைகளிடம், அந்த நோய் அவர்களை எப்படிப் படுத்துகிறது என்று அவர்களையே கேட்டுக் குறிப்பதுதான் அவள் வேலை. கண்ணை மருத்துவர் அளக்கிறார், கஷ்டத்தைப் பெற்றோர் சொல்கிறார்கள், குழந்தையை யாரும் கேட்பதில்லை என்று தொடங்கப்பட்ட ஆய்வு அது. பதிலைக் கேட்டு முகம் மாறக் கூடாது, "சபாஷ்" சொல்லக் கூடாது. குழந்தை சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்று முதலில் வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு விலக்கும் உண்டு: கண்ணுக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். அதையும் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்ச நாளாக அவள் அதை மட்டும் விட்டுவிடுகிறாள்.

3

"அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"டாக்டர்கிட்ட?"

"அவர்கிட்டயும் சொல்ல மாட்டேன். சரி, பக்கவாட்டுல யாராவது வந்தா தெரியாம கஷ்டமா இருக்கா?"

"எந்தக் கண்ணுல, அக்கா?"

கேள்விக்காரி தடுமாறினாள்.

"சும்மா கேட்டேன்," என்றாள் சிறுமி. "ஒண்ணுதான் வேலை செய்யுது. இன்னொண்ணு அழகுக்கு வெச்சிருக்கேன்."

கேள்விக்காரி சிரித்துவிட்டாள். விதிப்படி சிரிக்கக் கூடாது.

"கொஞ்சம்னு போடுங்க," என்ற சிறுமி, சற்றுப் பொறுத்து, "இல்ல, ரொம்ப. லீவுக்கு அப்புறம் ஓரமெல்லாம் காணோம்" என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் நோய் அது. ஒரு கண்ணை முடித்துவிட்டது. மற்றது மருந்தில் நிற்கிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா பட்டன் டெஸ்ட் பண்றாங்களே? உள்ள வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா அழுத்தணும்ல?"

"தெரியாட்டியும் அழுத்துவேன்."

[இதைப் படித்த என் தோழி ஒருத்தி, கண் மருத்துவர், "அந்த மெஷினை ஏமாத்த முடியாதுடி" என்றாள். "நம்ப முடியாத டெஸ்ட்டுன்னு அதுவே போட்டுக் குடுத்துடும்." அப்படிப் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். யோசித்தாள். "சின்னப் புள்ள, கவனம் சிதறியிருக்கும், அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சில சமயம் விட்டுடுவோம்." ஆகவே இந்தப் பகுதியை நான் அடிக்கவில்லை.]

"ஏன் அப்படிச் செய்யற?"

"போன தடவை குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போனதும் அம்மா பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டாங்க. பக்கெட் நிறையற சத்தமே வரல. தண்ணி சும்மா தரையில விழுந்துட்டே இருந்துச்சு."

"அழுதாங்களா?"

"தெரியாது. அதுக்குத்தான குழாயத் திறந்தாங்க."

கேள்விக்காரி 'ரொம்ப' என்பதை வட்டமிட்டாள். குழாய்க்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

"அடுத்தது. உன் கண்ணால சோகமா இருக்கா?"

"எனக்கு இல்ல," என்று சொல்லி, சிறுமி கதவைப் பார்க்கத் திரும்பினாள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது. தலையையே முழுதாகத் திருப்பினாள்.

4

இவளை நான் நம்புகிறேனா? ஒன்பது வயதில் இப்படிப் பேசுவார்களா? குழாய் என் வீட்டுக் குளியலறையிலிருந்து எடுத்தது. திறந்தது யார் என்று சொல்லப்போவதில்லை. அழகுக்கு வைத்திருக்கும் கண்ணும் என் சரக்குதான். கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு ஒரு அம்மா, மகளுக்காக "அதெல்லாம் இல்ல" என்றாள். அதே வரிசையில் உட்கார்ந்து நான் "ரொம்ப" என்கிறேன். அவளுடையது முணுமுணுப்பாகக் கரைந்துவிட்டது. என்னுடையது அச்சில் நிற்கப்போகிறது.

5

முடிவு ஒன்று. கேள்விக்காரி மருத்துவரிடம் ஓடுகிறாள். அறுவை சிகிச்சை நடக்கிறது. மிச்சமிருந்த பார்வை மிஞ்சுகிறது. அடுத்த வருடம் வேறொருத்தி வந்து கேட்கும்போது சிறுமி எல்லாவற்றுக்கும் "இல்லவே இல்ல" என்கிறாள். அதன் பிறகு அவளிடமிருந்து யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை.

முடிவு இரண்டு. வாக்கைக் காப்பாற்றுகிறாள். சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு

வேண்டாம்.

முடிவு மூன்று. "ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், குட்டி. தப்பு என்னோடது," என்று விலக்கை இப்போது சொல்கிறாள். "இத நான் மறைக்க முடியாது. ஆனா எப்படிச் சொல்றதுன்னு நீதான் சொல்லணும். அம்மாவ உள்ள கூப்பிடவா?"

இந்தக் கடைசி வரி மட்டும் என் சரக்கு அல்ல. அன்று கதவிடுக்கு வழியாக நான் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். ஏன் கேட்டாள் என்று தெரியாது. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. மகள் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

பதிலை எழுத நான் பலமுறை பேனாவை எடுத்தேன். நீங்களும் இந்நேரம் ஒன்றை மனதில் எழுதியிருப்பீர்கள்.

கொஞ்சம் உட்காருங்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.