புது கிட்டும் என் ரத்தமும்

எங்கள் லேபில் ஒரு வழக்கம். ரத்தச் சோதனைக்கான மருந்துப் பெட்டி, அதாவது புது கிட், பிரித்தால், எங்களில் ஒருத்தியின் ரத்தத்தையும் 'நல்ல உடம்பு' என்று எழுதி மெஷினுக்குள் வைப்போம். அந்த அளவு சரியாக வந்தால் கிட் சரி. அன்று என் முறை. நல்ல ராசி போங்கள்.

இருபதுக்குள் வரவேண்டியது நூற்று எண்பத்தாறு வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையே தாக்குகிறதா என்று காட்டும் சோதனை அது. கூடவே வைத்த ஒரு பஸ் டிரைவரின் ரத்தத்துக்கு நூற்று நாற்பது. கை மரத்துப்போகிறது என்று வந்தவர். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். அரை மணி நேரத்தில் மாடியில் ஆபரேஷன். இந்த அளவு நிஜமென்றால் நரம்பை அழுத்துவது மூட்டு வீக்கம். கத்தி வைக்கும் முன் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

லேபின் பொறுப்பு கண்ணாடி அக்காவிடம். என் அளவைப் பார்த்ததும், கிட் கெட்டுப்போயிருக்கிறது, இன்று எந்த ரிசல்ட்டும் மேலே போகாது என்று சொல்லி, அதை மாடிக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

மூன்று மாதமாக என் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் விடியற்காலையில் செத்துக் கிடக்கின்றன; பகலிலும் சில நேரம் பிடி நழுவுகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. விரலில் உணர்ச்சி இல்லாதவளை எவன் ஊசி குத்த விடுவான்? தூங்கின வாக்கு சரியில்லை என்று எனக்கே கதை விட்டுக்கொண்டிருந்தேன். 'நல்ல உடம்பு' என்று என் கையாலேயே எழுதியும் ஒட்டினேன், வெட்கங்கெட்டவள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பும், டிரைவர் கையில் கத்தி விழும். யாரோ ஒரு டிரைவர், எனக்கென்ன என்று நினைத்துப் பார்த்தேன். காலையில் ரத்தம் எடுக்கும்போது, கையை உதறி உதறித்தான் விடிகிறது என்று அவர் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் உதறுகிறேன்.

அக்கா எண்ணை அழுத்திவிட்டாள்.

"அக்கா, கிட் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் உடம்பு சரியில்ல."

அவள் நம்பாமல் பார்த்தாள். ஊசி மூடி ஒன்றை இரண்டு விரல்களால் எடுத்துக் காட்டினேன். அது நழுவி அவள் காலடியில் விழுந்தது.

திட்டியிருந்தால் தேவலை. அவள் போனில், டிரைவருக்கு நூற்று நாற்பது, ஆபரேஷனை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு, என் முன்னாலிருந்த ஊசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீயும் மேல போ. டிரைவருக்கு அடுத்த ஆளா உக்காரு."