அகராதி என்று ஒரு பெயர்

எந்த மொழியில் போய்க் கேட்டாலும் நல்லதாக ஒரு சொல் கிடைக்காமலா போய்விடும்? பென்சிலைக் கடித்தபடி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் அவள். அகராதி வேலையில் அன்று அவள் பங்குக்கு வந்திருந்தது ‘ஸ்டெப்மதர்’. ‘மாற்றாந்தாய்’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். கை வரவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே, தாயை இழந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி இங்கே இருந்தாள்.

அந்தப் பெண்தான் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து கலர் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“அகராதி, அது திட்டா?”

எந்தப் புதுச் சொல்லைப் பார்த்தாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். இவளுக்கு ‘அகராதி’ என்று பெயர் வைத்ததும் அவளேதான்.

“பிரெஞ்சுல ‘அழகான அம்மா’ன்னு சொல்வாங்க. மாமியாருக்கும் அதே பேருதான்.”

“சும்மா ஐஸ் வைக்கிறாங்க.”

“ஸ்வீடன்ல இப்போ சில பேர் ‘போனஸ் அம்மா’ங்கறாங்க.”

“ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?” சிரித்த வாய் சட்டென்று அடங்கியது.

அவள் மெல்லச் சொன்னாள்: “இங்கிலீஷ்ல ‘ஸ்டெப்’, ஜெர்மன்ல ‘ஷ்டீஃப்’. ரெண்டுக்கும் ஒரே வேர். பறிகொடுக்கிறதுன்னு அர்த்தம். ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல ‘ஸ்டெப்’ பிள்ளைன்னா அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளை.”

“அப்போ அது முதல்ல என் பேரு.”

“உன் பேருதான். உன்கிட்டேருந்துதான் எனக்கு வந்துச்சு.”

சிறுமி யோசித்தாள். “பரவாயில்ல, வெச்சுக்கோங்க.”

விருந்தாளியாக வந்திருந்த நாத்தனார் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது, அகராதி கிகராதின்னு! கேக்கறவங்க சிரிக்கப்போறாங்க. வாய் நிறைய அம்மான்னு கூப்பிடு.”

“போங்க அத்தை.” சிறுமியின் பார்வை சுவரிலிருந்த அம்மாவின் படத்துக்குப் போய்த் திரும்பியது. கையிலிருந்த பென்சிலின் முனை ஒடிந்தது.

நாத்தனார் விடவில்லை. “நீயாவது எடுத்துச் சொல்லேம்மா. நீ சொன்னா கேப்பா. உனக்கும் ஆசை இருக்காதா?”

ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. பள்ளிக்கூட வாசலில் யார் வீட்டுக் குழந்தையோ “அம்மா” என்று கத்தினாலும் அவள் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

“இருக்குக்கா,” என்றாள். ஒடிந்த பென்சிலை வாங்கிச் சீவத் தொடங்கினாள். “ஆனா நான் சொல்லமாட்டேன்.”