சுவர் டைல்ஸ்

கோழிக்கூண்டுக்குள் கடைசி டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை மேல்பக்கம் ஊற்றினேன். எங்கும் தேங்காமல் சரிவில் ஓடி, கீழ் ஓரத்துக் குழாய் வழியாக அப்படியே வெளியே போனது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறவன் நான். என் வீட்டுக் கூண்டு இத்தனை காலமும் வெறும் மண்தரை. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மனைவியால் குனிந்து எச்சத்தைச் சுரண்ட முடியவில்லை. சுவரையோ என் தோளையோ பிடிக்காமல் நிற்கவே மாட்டாள், விழுந்துவிடுவோம் என்று அவ்வளவு பயம். "நாத்தம் தாங்கலம்மா, கோழிங்கள யாருக்காவது குடுத்துடு" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அன்று என் மனைவி சாப்பிடவில்லை. படுக்கையிலிருந்து அவளை வாசலுக்கு இழுத்து வந்ததே அந்தக் கோழிகள்தான்.

அவள் நின்றபடி கழுவ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சிமென்ட் எச்சத்தைக் குடிக்கும், பலகை ஊறிப்போகும். யாரோ வீட்டுக் குளியலறைச் சுவருக்குப் போட்டு மிஞ்சிய பளபள டைல்ஸ் வீட்டில் கிடந்தது. போட்டுவிட்டேன்.

"மொகம் தெரியுது பாரு!"

"கோழி என்ன தலை சீவப் போகுதா?" என்றாள். ஆனால் சிரித்தாள்.

அவள் 'மேனேஜர்' என்று கூப்பிடுகிற அடைக்கோழி மூலையில் கூடையில் உட்கார்ந்திருந்தது. குஞ்சுகள் பொரிந்து தரைக்கு இறங்கிய பிறகு ஒருநாள் இவள் குரல் கொடுத்தாள். "இங்க வாங்களேன், இதுக்குக் கால் விரிஞ்சு போகுதுங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சு வயிறு தரையில் பட, கால்கள் ஆளுக்கொரு பக்கம் போக, எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து வழுக்கிக்கொண்டிருந்தது. வழுக்குகிற சுவர் டைல்ஸைத் தரையில் போட்டால் என் ஆட்களை நார் நாராகக் கிழித்துவிடுவேன். கழுவுகிறவளை நினைத்த நான் நடக்கிறதுகளை மறந்துவிட்டேன். படுபாவி!

"பாத்தீங்களாப்பா? குடுத்துடலாம்" என்றாள் மகள். என் மனைவியோ குஞ்சை மடியில் வைத்து, கால்கள் விரியாதபடி கம்பளி நூலால் இரண்டையும் தளர்வாக இணைத்துக் கட்டினாள். வேலையில் முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்கிற ரப்பர் விரிப்பை நான் கொண்டு வந்து கூண்டுத் தரையில் போட்டேன். கோடு கோடாகப் பள்ளம் உள்ளது. ஓரத்தில் கயிறு கோத்தேன். நின்றபடியே இழுத்துத் தொங்கவிட்டு வாளியால் கழுவலாம். அன்று முழுக்கக் குஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு கூண்டுவரை வந்தாள். குஞ்சு உடம்பெல்லாம் நடுங்க எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. ஈர்க்குச்சியை விட மெல்லிய விரல்கள் விரிப்பின் பள்ளத்தைத் தேடிப் பிடித்தன. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? பிடித்தது. நின்றது! அடேயப்பா, எத்தனை மாளிகைக்குத் தரை போட்டிருக்கிறேன், ஓர் உயிர் முதல்முதலாகத் தரையில் நிற்பதை நான் பார்த்ததே இல்லை.

அவளிடம் சொல்லத் திரும்பினேன். என் தோளில் கை இல்லை. பக்கத்தில் சுவரும் இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குஞ்சையே பார்த்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் அசையவில்லை.