காத்தவராயன், பகுதி ஒன்று முதல் ஐந்து வரை

காத்தவராயன் தாத்தா சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். பேனரில் அவர் பெயரைப் போட்டுக்கொண்டு வந்ததே நான்தான். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லுகிற ஆளும் நான் இல்லை.

என் அண்ணன் ஸ்டீவன் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடார் வாசிப்பான். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் கரோலின் அக்கா, டிரம்ஸ் அடிக்கும் ராகேஷ், அண்ணன், மூன்று பேரும் ஒரு குழு. அவர்கள் வாசிப்பதற்குப் புரோக்ரெசிவ் ராக் என்று பெயர். பாட்டில் சொல்லே இருக்காது. ஏழு தட்டில் ஓடும். நமக்குக் கால் ஆட்டப் பழகியதும் பதினொன்றுக்கு மாறிவிடும். அவர்களிடம் இருந்தது ஒரே பாட்டு. அது பதினேழு நிமிடம்.

சர்ச் ஹாலில் நடந்த முதல் கச்சேரிக்கு ஏழு பேர் வந்தோம். அதில் ஒருவர் ஹாலைப் பூட்டிக்கொண்டு போகக் காத்திருந்தவர்.

அப்படியும் பெங்களூரில் நடக்கும் ஒரு பெரிய இசை விழாவுக்கு அண்ணன் விண்ணப்பம் போட்டான். குழுவின் பெயர், அந்தப் பெயர் வந்த கதை, பாட்டின் தலைப்பு, தலைப்பு வந்த கதை என்று நாலு கட்டம் நிரப்பச் சொன்னார்கள். மூன்று பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பெரிய பெரிய குரூப்புக்கெல்லாம் பேரு வந்த கதைய கேட்டா சிரிப்பு வரும்," என்றான் அண்ணன். "ஒருத்தன் ஃபிரெண்டு வீட்டுப் பூனை பேர வெச்சிக்கினான். இன்னொருத்தனுக்கு வெத வெதைக்கிற மிஷினு கண்டுபுடிச்சவன் பேரு. அவன் செத்து எரநூறு வருசத்துக்கு மேல ஆவுது. ஏஜென்ட்டு இவுங்கள கேக்காமலே வெச்சிட்டானாம்."

"நமக்குப் பூனையும் இல்ல, மிஷினும் இல்ல," என்றான் ராகேஷ்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் டங் டங் என்று சத்தம் கேட்டது. காத்தவராயன் தாத்தா. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களைக் கீழே இறக்குவதற்கு மணி அடித்தவர். இப்போது எங்கள் வீட்டில் கிடார் சத்தம் கேட்டால் கரண்டியால் ஜன்னலில் அடிப்பார். அன்று யாரும் வாசிக்கவே இல்லை. வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்து முன்கூட்டியே அடித்துவிட்டார்.

கரோலின் அக்கா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ராகேஷைப் பார்த்தான். முதல் கட்டத்தில் 'காத்தவராயன்' என்று எழுதினார்கள். கதைக் கட்டத்தில், 'எங்கள் முதல் ரசிகரின் பெயர்' என்று கூசாமல் எழுதினார்கள். தலைப்புக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'பிறகு' என்று போட்டார்கள்.

விழாக்காரர்களுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. மமதா என்ற அம்மா போனில் பேசினார். அடுத்த ஞாயிறு நேரில் வந்து கேட்பாராம். ஆனால் வெறும் ஹாலில் கேட்க மாட்டாராம். ஐம்பது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும், அவர்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் விழாவில் இடம் உறுதி. அண்ணன் அன்று சாப்பிடவில்லை. ஏழு பேரை ஐம்பது பேராக்க அவனுக்கு வழி தெரியவில்லை.

"ஈவ்லின், ஒரு பேனர் அடிச்சிக்கினு வா," என்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இந்த மாதிரி வேலையெல்லாம் எனக்குத்தான். தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கறுப்புப் பின்னணி. காத்தவராயன். பதினேழு நிமிட இசை. ஞாயிறு மாலை நாலு மணி, சர்ச் ஹால். அனைவரும் வருக.

ஆண்டர்சன்பேட்டையில் பேனர் அடிக்கும் விநாயக் அண்ணா தாளைப் படித்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அய்யோ பாபம். யாவாக, தங்கச்சி?"

எப்போது என்று கன்னடத்தில் கேட்கிறார். "ஞாயித்துக்கிழமை," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். கறுப்புப் பின்னணி வந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வந்தது. மேலே ஒரு வெள்ளைப் புறா வந்தது. 'இசை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'அஞ்சலி' என்று அவரே சேர்த்தார். எனக்கு வாய் திறந்தது. அப்போது கடைக்கு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வாய் மூடிக்கொண்டது. பேனரைச் சுருட்டிக் கையில் கொடுத்து, "தைரியமா இரும்மா," என்றார். வியாழன் ராத்திரியே ஆளனுப்பித் தெருமுனையில் கட்டவும் செய்தார்.

தாத்தா ஊரில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும். அவர் அந்த வாரம் கே.ஆர்.புரத்தில் இருக்கும் மகள் லதா வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் குழாயடியில் ரத்தினம்மா ஆயா ஒப்பாரி வைக்காத குறை. "போன திங்கக்கெழம கூட எங்கிட்ட சண்ட போட்டாரே! மக வூட்டுக்குப் போனவரு அப்டியே போய்ட்டாரே!"

"சர்ச் ஹால்ல கூட்டமாமே. அவுரு எப்ப வேதத்துக்கு மாறினாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"லதாவுக்கு ஒரு போனு போட்டுக் கேளேன்."

"நல்லா கீதே! எழவு வூட்டுக்குப் போன் பண்ணி, நெஜமாவே செத்துட்டாரான்னா கேப்பாங்க?"

எல்லாரும் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வந்த அண்ணன் பேனரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். "இன்னாடி இது? தாத்தாவ சாவடிச்சி வெச்சிருக்க!" கழற்றுவதற்குக் கத்தியை எடுத்தான். கரோலின் அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

"எத்தினி பேரு வர்றாங்க தெரியுமா? பங்காருபேட்டையிலேர்ந்து அவுரு சொந்தக்காரங்க வேன் வெச்சிக்கினு வர்றாங்க."

"பொய் சொல்லிக் கூப்புடறதா?"

"நாம எங்க சொன்னோம் செத்துட்டார்னு? பேனர்ல அப்டி எங்க போட்டுருக்கு? படி பாக்கலாம்."

அண்ணன் மறுபடி போய்ப் படித்தான். எங்கும் போட்டிருக்கவில்லை. கத்தியை வீட்டில் வைத்துவிட்டான்.

ஞாயிறு மூன்றரைக்கே ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். பல கைகளில் மாலை இருந்தது. மாட்டப் படம் எங்கே என்று தேடினார்கள். மமதா மேடம் முன்வரிசையில் கண் கலங்காத குறையாக உட்கார்ந்திருந்தார். "எஷ்டு ஜனா! எவ்ளோ கூட்டம்! இந்த மாதிரி மியூசிக்குக்கு மாலையோட வர்ற ஆடியன்ஸ நான் பார்த்ததே இல்ல," என்றார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, தெருமுனைப் பேனரைப் பார்த்துவிட்டு, கையில் பையோடு காத்தவராயன் தாத்தா வாசலில் வந்து நின்றார்.

ரத்தினம்மா ஆயா போட்ட சத்தத்தில் ராகேஷ் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

"எவண்டா என்னை சாவடிச்சது?" என்று தாத்தா நேராக மேடைக்கு வந்தார்.

"தாத்தா, அது எங்க குரூப்பு பேரு," என்றான் அண்ணன். "வெளிநாட்ல இப்டித்தான் வெப்பாங்க. வெத வெதைக்கிற மிஷினு கண்டுபுடிச்ச ஒருத்தரு பேர வெச்சி, ஒலகம் பூரா..."

"அவன் உயிரோட கீறானா?"

"இல்ல தாத்தா. எரநூறு வருசம் ஆச்சி."

"நான் கீறேன்டா! எம்பேர எடு!"

மமதா மேடம் எழுந்து வந்தார். "நீங்கதானா அந்தக் காத்தவராயன்? இவங்களோட முதல் ரசிகர்?" விழாக்காரர்களுக்குப் பிடித்ததே அந்தப் பெயர்தான் என்றும், பெயரை எடுத்தால் குழுவையும் எடுக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். அண்ணன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

தாத்தா திட்ட வாயெடுத்தார். அப்போதுதான் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பேச்சுவார்த்தை விட்டுப்போன தம்பி மகன்கள்கூட மாலையோடு நின்றிருந்தார்கள்.

"இத்தினி பேருமா எனுக்கு வந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குத்தான் தாத்தா," என்றான் அண்ணன்.

ரத்தினம்மா ஆயா வாங்கிய மாலையை வீணாக்க மனமில்லாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டாள். தாத்தா அதைக் கழற்றவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேர வெச்சிக்கோ. ஆனா நாலு நிமிசம். அதுக்கு மேல ஒரு டொய்ங் கேட்டாலும் பேர எடுத்துடணும். இந்தம்மாதான் சாட்சி."

பதினேழு நிமிடப் பாட்டை நாலு நிமிடமாக்கச் சொன்னால் அண்ணனுக்கு ஒரு கையை வெட்டின மாதிரி. மூன்று பேரும் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்து குசுகுசுத்தார்கள். அண்ணன் நிமிர்ந்தபோது அவன் முகம் ரொம்பச் சாதுவாக இருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும்.

"சரி தாத்தா. ஒரு பாட்டு நாலு நிமிசத்த தாண்டாது. காத்தவராயன், பகுதி ஒண்ணு."

வாசித்தார்கள். சரியாக நாலு நிமிடத்தில், ஏழு தட்டு முடிந்த இடத்தில், நிறுத்தினார்கள்.

தாத்தா கையை உயர்த்தினார். "ஆங், இதான் அளவு!" கூட்டத்தைப் பார்த்து எழுந்து கும்பிட்டார்.

"காத்தவராயன், பகுதி ரெண்டு," என்றான் அண்ணன்.

தாத்தாவுக்குப் புரிவதற்குள் ராகேஷ் ஆரம்பித்துவிட்டான். நாலு நிமிடம் முடிந்ததும், "இன்னா, திரும்பவுமா?" என்றார். கடிகாரத்தைப் பார்த்தால் குற்றம் சொல்ல வழியில்லை. பகுதி மூன்று முடிந்தபோது, "எங்கிட்டியே தண்ணி காட்றீங்களா?" ஹாலே சிரித்தது. துக்கத்துக்கு வந்த ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தாத்தா அடுத்து என்ன கத்துவார் என்று காத்திருந்தார்கள். பகுதி நாலுக்கு அவர், "முடிச்சித் தொலைங்கடா!" என்றபோது பங்காருபேட்டைக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

தாத்தா கத்திய ஒவ்வொன்றையும் கரோலின் அக்கா கீபோர்டின் மேல் இருந்த ஒரு தாளில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பகுதி ஐந்து. தாத்தா மாலையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இன்னும் நாலு நிமிடத்துக்குத் தயாரானார். இந்த முறை கால்கூட லேசாக ஆடியது. பதினேழில் பதினாறு போய்விட்டதே. ஒரு நிமிடத்தில் பாட்டு நின்றுவிட்டது.

தாத்தா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

கரோலின் அக்கா அதையும் எழுதி, தாளை மமதா மேடத்திடம் கொடுத்தாள். "ஃபாரத்துல தலைப்பு பிறகுன்னு போட்டுருந்தோம் மேடம். இந்தாங்க, அஞ்சி தலைப்பு."

மமதா மேடம் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டி, "தலைப்பு வந்த கதை?" என்று கேட்டார்.

அண்ணன் தாத்தாவைக் காட்டினான். "அவுர மேடையில ஒக்கார வெச்சிடறோம் மேடம். அவுரே சொல்லிக்குவாரு."

தாத்தா கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே, பெங்களூரில் எவ்வளவு பேர் வருவார்கள் என்று மமதா மேடத்திடம் விசாரிக்க ஆரம்பித்தார்.